சப்பாத்தை ஒளிச்சவன் நான் இல்லை

வாசுகி என் மனைவி. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்குக் கவிதை என்றால் கல்யாணப் பத்திரிகையில் வருகிற நாலு வரிதான். இவளோ கவிதை எழுதுவாள். அதுவும் ஒரு தினுசு. வேறொரு பெண்ணுக்குள் புகுந்துகொண்டு, அவளே பேசுகிற மாதிரி எழுதுவாள். தொழிற்சாலை பஸ்ஸில் நாற்பது நிமிஷப் பயணம், முப்பது பெண்கள். விஷயத்துக்கா பஞ்சம்?

போன வருஷம் மகளிர் தினத்துக்கு எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் மண்டபத்தில் ஒன்று வாசித்தாள்.

‘சப்பாத்த எங்கய்யா ஒளிச்ச?
பஸ்ஸு ஹாரன் அடிக்குது.
நான் வேலைக்குப் போனா உன் மீசை உதிர்ந்திடுமா?
சரி, உன் சப்பாத்தையே மாட்டிக்கிறேன்.
பெருசுதான். ஆனா நடக்க முடியுது.’

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளே எனக்குச் சனி பிடித்தது.

கோயில் செயலாளர் செல்லப்பன், சாப்பாட்டுக் கடையில் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அதுக்காகப் பொம்பள சப்பாத்த ஒளிக்கலாமா?”

“அண்ணே, அது கவிதை லா!”

“அனுபவம் இல்லாம அப்படி வருமா?”

பக்கத்து வீட்டு மைமூன் அக்கா என் கண்ணெதிரிலேயே வாசுகியிடம், “ஒரு ஜோடி எங்க வீட்டுல போட்டு வையிம்மா, அவசரத்துக்கு ஆகும்” என்றார்.

பொங்கல் விழாவுக்கு வாசுகி மறுபடியும் பெயர் கொடுத்தாள். செல்லப்பன் உடனே எனக்குப் போன் போட்டார். “வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பேர எடுத்திடறேன். உங்க மானம்தான் போகுது.”

நேராக வாசுகியிடம் போனேன்.

“யாருடி அந்தச் சப்பாத்துக்காரி? பேரச் சொல்லு, நான் தப்பிச்சுக்கிறேன்.”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அப்ப என் பேரு நாறட்டுமா?”

அவள் கவிதை நோட்டை மூடி வைத்தாள். பிறகு, “உங்களுக்குக் கஷ்டம்னா நிறுத்திடறேங்க” என்றாள்.

ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள். அவள் அப்படி அடங்கிச் சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை. செல்லப்பனைக் கூப்பிட்டேன். “அவ பேரு இருக்கட்டும். முதல் வரிசையில எனக்கொரு நாற்காலி போடுங்க.”

பொங்கலன்று மண்டபத்தில் இடமில்லை. இந்த முறை கவிதையில் வந்தவள் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிற ஒருத்தி. பின்னால் உட்கார்ந்திருக்கும் புருஷன் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிறான். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது.

“சப்பாத்து போயி இப்ப மோட்டார் சைக்கிளா?” என்று எவனோ கத்தினான். ஒரே சிரிப்பு. மேடையில் வாசுகி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் பேச்சியம்மாள் எழுந்தாள். வாசுகியோடு அதே பஸ்ஸில் போகிறவள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

“அந்த மனுஷன ஏன் பாக்குறீங்க? சப்பாத்து என்னோடது. ஒளிச்சவன் இப்ப என்கூட இல்ல. நாலு வருஷமாச்சு, ஒரு நாளும் பஸ்ஸ விட்டதில்ல. புத்தி சொல்றவங்க என்கிட்ட வாங்க, கேட்டுக்கிறேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: “மோட்டார் சைக்கிள் என்னோடது லா!”

மண்டபம் அதிர்ந்தது. செல்லப்பன் என் கையைப் பிடிக்க ஓடி வந்தார். “உக்காருங்கண்ணே, மறைக்குது” என்றேன்.

வாசுகி மைக்கைத் தட்டினாள்.

“எல்லாரும் பேசியாச்சா? எனக்கு இன்னும் நாலு வரி இருக்கு.”