ஒரே சஹனில் சாப்பிட்ட மூன்று பேர்

உங்கள் எல்லோர் மேலும் இறைவனின் சாந்தி நிலவட்டும், சகோதரிகளே. நான் நூர்ஜஹான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலோரத்தில் எங்கள் ஊர். கொரோனா இரண்டாவது தடவை வந்து சுற்றி வளைத்த வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் பள்ளிவாசல் மைக் கரகரத்தாலே காது அங்கே போய்விடும். தொழுகைக்கு அழைக்கிற பாங்கு நேரம் என்றால் பிழைத்தோம். வேறு நேரம் என்றால் மௌத், சாவுச் செய்திதான். சமைக்கிறவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். பெயர் வந்து முடிகிற வரைக்கும் தெருவில் ஒரு சத்தம் இருக்காது.

என் மகள் ருக்கையா நிறைமாசமாக இருந்தாள். ஆறு வருஷம் அழுது கேட்டுக் கிடைத்த பிள்ளை வயிற்றில். எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டில்தான் இருப்பாள். மருமகன் துபாயில். நான் கைம்பெண். அவளுக்கு நான், எனக்கு அவள். தொழுகை விரிப்பான முஸல்லாவில் உட்கார்ந்தால் ஒரே துஆதான் கேட்பேன். "யா அல்லாஹ், இந்த ரெண்டு உசுரையும் காப்பாத்து."

பெருநாள் முடிந்த கையோடு சொந்தத்தில் ஒரு நிக்காஹ். ஊரடங்கு என்பதால் ஆட்களைக் குறைத்தார்கள். சஹனை மட்டும் விடவில்லை. பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, மூன்று நான்கு பேர் முழங்கால் இடிக்கச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் சஹன். அதில் தனித்தட்டு கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி. ருக்கையாவைக் கூட்டிப்போகவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. நான், காக்கா என்று நான் கூப்பிடுகிற என் அண்ணனின் மனைவி மைமூன் மதினி, மாப்பிள்ளை வீட்டு ஜுலைகா மாமி, மூன்று பேரும் ஒரு சஹன். மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டோம்.

"அஞ்சு வேளை தொழ ஒலு செஞ்சு கழுவுற கை இது. இதுக்கு என்ன வரப்போகுது?" என்று நான்தான் சிரித்தேன்.

இரண்டு மூன்று நாளில் ஜுலைகா மாமிக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சுகாதார நர்ஸம்மா தெருவுக்கு வந்தார். "அவங்களோட ஒரே சஹன்ல உக்காந்தது யாரு?" அதுதான் முதல் கேள்வி. வேறு ஊர் விருந்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மறந்துபோகலாம். சஹனில் கூட உட்கார்ந்தவர்களை எங்கள் ஊரில் யாரும் மறப்பதில்லை. என்னையும் மதினியையும் சொன்னேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. வாசனையும் போகவில்லை, மீன் வாடை தெருமுனையிலேயே தெரிந்தது. "நல்லா இருக்கவளுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கவங்ககிட்ட இருந்துதான், லாத்தா, வீட்டுல உள்ளவங்களுக்குப் போவுது," என்றார். அவர் பார்வை ருக்கையாவின் வயிற்றுக்குப் போனது. நான் மூக்கைக் காட்டினேன். ருக்கையாவுக்கும் எடுத்தார்கள்.

மைமூன் மதினி டெஸ்ட்டுக்கு வராமல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஜன்னல் வழியாக என்னைத்தான் ஏசினாள். "எம்பேரை ஏன்டி சொன்னே? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். உங்க காக்கா ஆஸ்துமாக்காரரு, அவரை யாரு பாக்குறது? அந்த ஆம்புலன்ஸ் வண்டி என் வாசலுக்கு வரக்கூடாதுன்னு துஆ கேட்டுக்கிட்டு இருக்கேன், போ."

நானும் வீட்டுக்கு வந்து அதையேதான் கேட்டேன். "ரப்பே, ஒண்ணுமில்லைன்னு வரணும். இந்த நேரத்துல என் புள்ளைகிட்ட இருந்து என்னைப் பிரிச்சிராதே." நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் விழுந்து முஸல்லா நனையக் கேட்டேன்.

எனக்கு இருக்கு என்று வந்தது. ருக்கையாவுக்கு இல்லை.

எங்கள் வீட்டில் தனி அறை கிடையாது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ருக்கையா நிலையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, வலி வந்தா நான் யாரைக் கூப்புடுவேன்?" என்று கதறினாள். தொட்டு அணைக்க முடியவில்லை. என் தங்கச்சியை அவளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு ஏறினேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அல்லாஹ் மேல் கோபம் வந்தது. இவ்வளவு அழுதும் செவிசாய்க்கவில்லையே என்று நினைத்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி விடுதியை முகாமாக்கியிருந்தார்கள். அங்கே எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காக்காவுக்குக் காய்ச்சல் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு மூச்சு வாங்குகிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு என்றார்கள். ஒருநாள் மத்தியானம் தங்கச்சியுடன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் மைக் கரகரத்தது. பாங்கு நேரம் இல்லை. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். எங்கள் ஊரில் முதலில் வாப்பா பெயரைச் சொல்லி, அவர் மகனார் என்றுதான் மௌத்தானவர் பெயரைச் சொல்வார்கள். மைக்கில் எங்கள் வாப்பா பெயர் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மதினிக்கும் என்னைப் போலவே கடைசிவரை காய்ச்சல், இருமல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள்தான் காக்காவுக்குக் கஞ்சி ஊட்டினாள், நெஞ்சைத் தடவிவிட்டாள், பக்கத்திலேயே படுத்தாள். வேறு எங்கும் போகாத மனுஷர் அவர். நானும் வீட்டில் இருந்திருந்தால் அப்படித்தான் ருக்கையாவின் தலையை மடியில் வைத்துச் சீவிவிட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எனக்கு இது புரிந்தது. பிரிக்காதே என்று நான் கேட்ட இரண்டாவது துஆவை அவன் கொடுத்திருந்தால், ரெண்டு உசுருக்காகக் கேட்ட முதலாவது துஆ என்ன ஆகியிருக்கும்?

நான் முகாமில் இருக்கும்போதே ருக்கையாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அல்ஹம்துலில்லாஹ். என் கையால் அந்தப் பிள்ளையை வாங்கவில்லை, அதனால்தான் இன்றைக்கு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அதிலிருந்து அல்லாஹ்வுக்கு நான் வழி சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன், ஆமீன் சொல்லி எழுந்துவிடுகிறேன். சுகாதாரக்காரர்கள் தெருவுக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன், தாழ் போட்ட கதவுகளைத் தட்டுகிறேன்.

மைமூன் மதினி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சில நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே, "நான் கேட்டமாரியே அந்த வண்டி என் வாசலுக்கு வரலையேடி நூரு," என்று அழுவாள். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன்.

சகோதரிகளே, கேளுங்கள். கண்ணீர் விட்டுக் கேளுங்கள். கேட்டது கிடைக்காமல் போனாலும் அவனை விட்டுவிடாதீர்கள். எனக்குக் கிடைக்காமல் போன துஆவுக்குத்தான் நான் ஒவ்வொரு தொழுகையிலும் நன்றி சொல்கிறேன்.