ஓர்ப்படி எடுத்த படங்களும் என் வயிற்றெரிச்சலும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிப்பெருக்கு அன்று, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நடந்தது இது.

நாங்கள் திருச்சி காட்டூரில் இருக்கிறோம். சென்னையில் இருக்கும் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் பண்டிகைக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் ஓர்ப்படி எந்த ஊருக்குப் போனாலும் படம் எடுத்துப் போடுவாள். ஊட்டி, கொடைக்கானல், கோவா என்று வரிசையாக வரும். நானும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வந்த மறுநாளே என் ஊரையே அழகழகாக எடுத்துப் போட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சின்னக்கடைவீதிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நான் தாண்டிப் போகிற தெப்பக்குளம்தான். அவள் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் மலைக்கோட்டை தலைகீழாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். என் கூடப் பிறந்த அக்காவே அதற்குக் கீழே, "இது நம்ம திருச்சியா!" என்று எழுதியிருந்தாள். என் படங்களுக்கு அவள் கட்டைவிரலைக்கூடத் தூக்கிக் காட்டியதில்லை.

இதெல்லாம் போகட்டும். முக்கொம்பில் என் பன்னிரண்டு வயது மகளை நிற்க வைத்துப் போனைத் தூக்கினேன். "போம்மா, நீ எடுத்தா காலு கட்டாயிடும். சித்தி எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவளிடம் ஓடிவிட்டாள். பெற்ற மகள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தி எடுத்த படத்தைத்தான் என் கணவரும் ஸ்டேட்டஸ் வைத்தார்.

அன்று சாயங்காலம் முழுக்க, படம் எடுப்பது எப்படி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம், போனைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டுமாம். மறுநாள் ஆடிப்பெருக்கு. ஒரே ஒரு படம், என் மகளே "சூப்பர்மா" என்று சொல்கிற மாதிரி எடுத்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரி பாதிப் படிகளை மூடிக்கொண்டு ஓடியது. ஓரமாக மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காப்பரிசி, காதோலை, கருகமணி, பூ, பழமெல்லாம் தாம்பாளத்தில் பரப்பிச் சாமி கும்பிட்டோம். அடுத்து, மூத்தவள் என்ற முறையில் ஓர்ப்படியின் கழுத்தில் நான்தான் மஞ்சள் கயிறு கட்டிவிட வேண்டும். எனக்கோ வெயில் ஏறிவிடுமே என்ற கவலை. போனை எடுத்தேன்.

"அக்கா, முதல்ல கயிறைக் கட்டி விடுங்க. போட்டோ எங்க போயிடப்போகுது?" என்றாள்.

"நீ மட்டும் எடுக்கலாம், நான் எடுக்கக் கூடாதா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

மகள் கையில் தாம்பாளத்தைக் கொடுத்து, தண்ணீர் தொடுகிற படியில் நிற்க வைத்தேன். பின்னால் ஆறு சரியாக விழவில்லை. "இன்னும் ஒரு படி இறங்கு கண்ணு... இன்னும் கொஞ்சம்" என்றேன். திரையில் அவ்வளவு அழகாக இருந்தாள். அழுத்தினேன். அதே நொடியில் பாசி வழுக்கி, தாம்பாளத்தோடு தண்ணீருக்குள் போனாள்.

நான் கத்தினேன். கத்த மட்டும்தான் செய்தேன். ஓர்ப்படி எப்போது என்னைத் தாண்டிக் குதித்தாள் என்றே தெரியவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்று என் மகளின் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் இருவரையும் மேலே ஏற்றினார்கள். மகள் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லக்கா, பயப்படாதீங்க. என் போனுதான் ஆத்தோட போயிடுச்சு" என்றாள் ஓர்ப்படி. குதிக்கும்போது கையில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். என் போன் இரண்டு கைகளுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது.

பையில் மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து, ஈரம் சொட்ட நின்றவளுக்குக் கட்டினேன். அவள் ஈரத் தலைமுடியை விலக்கிப் பிடித்து முடிச்சுப் போட்டேன்.

புதுப் போன் வாங்கி இப்போதும் ஊர் ஊராகப் படம் போடுகிறாள். எனக்கும் இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும், என் மகளைப் பிடிப்பதற்காகப் போனை ஆற்றில் விட்ட அந்தக் கையின் மேல் எனக்கு இருக்கும் பொறாமை, அவள் எடுத்த எந்தப் படத்தின் மேலும் வந்ததில்லை.