எட்டு வருஷமாகக் கறைபடாத கையுறை

வட கரோலினாவில் எங்கள் ஊர் மில்லில் முப்பத்தொரு வருஷமாகத் துணியைச் சித்திரவதை செய்வது என் தொழில். கிழிப்பேன், தேய்ப்பேன், ஐம்பது முறை துவைப்பேன், நெருப்பில் காட்டுவேன். பிழைத்ததைக் கடைக்கு அனுப்புவோம். வெர்லின் போலிக் சரி என்றால் துணி சரி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

போன வருஷம் நான் ஒருவழியாக உருவாக்கி முடித்தது, சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறை. ஒரு பெரிய கடையின் ஆட்கள் ஆர்டர் கொடுத்தால் எங்கள் தையல் பிரிவில் நாற்பது பெண்களுக்குக் குளிர்காலம் முழுக்க வேலை. இல்லையென்றால் பிரிவையே மூடிவிடுவார்கள். வழக்கம்போல எங்கள் லூத்தரன் சர்ச்சில் பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்து, ஆறு வாரம் கழித்து அபிப்பிராயப் படிவம் வாங்கினேன். பன்னிரண்டிலும் "மிக நன்று". எங்கள் ஊரில் பிரசங்கம் சகிக்கவில்லை என்றால் போதகரிடம், "இன்னிக்குப் பூ அலங்காரம் பிரமாதம்" என்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த நான், அந்தப் படிவங்களை விஞ்ஞானம் என்று நம்பினேன்.

போதாததற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி. என் முதல் மாதிரியை மனைவி நாடீன் எட்டு வருஷமாக உபயோகிக்கிறாள். ஒரு கறை இல்லை, ஒரு தையல் விடவில்லை. அதைப் படம் பிடித்து அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன்.

கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை சர்ச்சில் சாப்பாடு. தையல் பிரிவின் மேற்பார்வையாளர் ரீபா செட்சர், என்னைவிட மூத்தவர், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர், சர்ச் சமையலறை அடுப்பிலிருந்து சர்க்கரைவள்ளிக்கிழங்கு ட்ரேயை எடுத்தார். கையில் நாலாக மடித்த பழைய துண்டு. நான் கொடுத்த கையுறை, லேபிள்கூடக் கிழிக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே தொங்கியது.

"ஏன் ரீபாக்கா, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதுவா கண்ணு? அவ்ளோ அழகா இருக்கே, அழுக்காயிடுமேன்னு மாட்டி வச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "இப்பப் பாருங்க!" என்று கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த ட்ரேயைத் தூக்கினேன். தொட்டித் தண்ணீர் தெறித்து அது நனைந்திருந்தது. ஈரத்துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும். என் சோதனைச்சாலையிலோ எல்லாம் உலர்ந்த துணி. சமையலறையில் தண்ணீர் இருக்கும் என்பது முப்பத்தொரு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ட்ரே தரையில் கவிழ்ந்தது. நான் விரலை உதறிக்கொண்டு குதித்தேன்.

நாடீன் ஐஸ் கொண்டுவந்தாள்.

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? எட்டு வருஷமா போட்டுக்கறியே!"

அவள் என் கட்டைவிரலையே பார்த்தாள். "நீ வர்ற நேரத்துக்கு எடுத்து வெளிய மாட்டுவேன் வெர்லின். மத்த நேரமெல்லாம் டிராயர்லதான் இருக்கும்."

ரீபா சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு படிவங்களும் என் பையில் இருந்தன. காட்டியிருந்தால் ஆர்டர் நிச்சயம். காட்ட மனசு வரவில்லை. "ஈரமானா கை சுடும், இன்னும் சரிபண்ணணும்" என்று கட்டுப்போட்ட விரலை நீட்டி உளறினேன். அவர்கள் மரியாதையாகக் கைகுலுக்கி, வசந்தத்தில் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். அடுத்த திங்களே மில்காரர்கள் தையல் பிரிவை மூடினார்கள்.

அன்று சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் ரீபா தன் கத்தரிக்கோல்களை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து ஓடினேன்.

"உங்க வேலையை நான்தான் கெடுத்துட்டேன் ரீபாக்கா."

அதெல்லாம் இல்ல கண்ணு என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் ஓடினேனோ என்னவோ.

"ஆமா, கெடுத்துட்ட" என்றார். "கட்டைவிரல் பக்கம் தண்ணி ஏறாத துணி ஒண்ணு உள்ள வச்சுத் தை. வசந்தத்துக்குள்ள முடி. எனக்கு வேற வேலை தெரியாது."

என் கையுறையைப் பற்றி எங்கள் ஊரில் வீட்டுக்கு வெளியே ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் உண்மை அது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.