ஏரிக்கரையில் இல்லாத பறவை

பாஸ்போர்ட் அக்காவிடம் பாஸ்போர்ட் கிடையாது. அதனால்தான் அலுவலகத்தில் அந்தப் பெயர். எங்கள் பதிப்பகம் குழந்தைகளுக்குப் போடும் நாடுகள் வரிசையில் பாதிக்கு மேல் அவர் எழுதியவை. எந்த ஆறு எங்கே திரும்புகிறது, எந்த ராஜா யாரிடம் தோற்றான், எந்தக் காட்டில் எந்தக் குரங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் பஸ்ஸில் நாலு நிறுத்தம் தாண்டினால் வாந்தி எடுத்துவிடுவார். வேலைக்குக்கூட நடந்துதான் வருவார்.

"உலகத்தையே எழுதுறீங்க, ஒரு தடவை கடலைத் தாண்டிப் பாக்கக் கூடாதாக்கா?" என்று நான் சீண்டுவேன்.

"நீ யானை வரையறியே, யானையைக் கேட்டுட்டா வரையறே?" என்பார். படம் போட்டுப் பக்கம் கட்டுவது என் வேலை. அதற்குமேல் நான் வாயைத் திறக்க முடியாது.

அக்கா, அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிழை திருத்தும் வேலைக்கு வந்தவர். தங்கையைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், கடைசியில் அதே தங்கை வீட்டின் பின்னறையில் தங்கினார். அந்த அறையில் உலகப் படத்தைக் கதவுக்குப் பின்னால்தான் மாட்ட இடம் இருந்தது. கதவு திறந்திருந்தால் உலகம் மறைந்துவிடும். அக்கா எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருந்ததற்குத் தங்கை வேறு காரணம் நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் மனவருத்தப்பட்டாள்.

அந்த நாளில் எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. இன்னொரு பதிப்பகத்தான் எங்கள் புத்தகங்களின் தகவல்களை அப்படியே காப்பியடித்து, அட்டையையும் வாக்கியங்களையும் மட்டும் மாற்றி விற்றான். ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று வாழ்கிற ஆள். ஒரு தகவலைக்கூட விடவில்லை. கேட்டால், "மலையும் ஆறும் உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றான். உண்மைக்குச் சொந்தக்காரன் கிடையாது, அதனால் திருட்டை நிரூபிக்க முடியாது என்று வக்கீலும் கையை விரித்தார்.

உண்மைக்குத்தானே சொந்தக்காரன் இல்லை, பொய்க்கு உண்டே என்று அக்கா யோசித்தார். அதிலிருந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பொய்யை நுழைத்தார். ஒரு குன்று கொஞ்சம் உயர்ந்தது. ஒரு ராஜாவின் குதிரைக்குப் பெயர் கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பொறி'. அக்கா, முதலாளி, நான் மூன்று பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்தது ஒரு ஏரி நாடு. பெயர் வேண்டாம், அந்த நாட்டுக்கு நாங்கள் செய்தது போதும். விலங்குகளைப் பற்றிய பக்கத்துக்கு வரவேண்டிய ஒரு புகைப்படம் வரவில்லை, மூலை காலியாக நின்றது. அக்கா ஒரு மத்தியானம் சிரித்துக்கொண்டே ஒரு பறவையை உண்டாக்கினார். மழைக்காலத்தில் ஏரிக்கரையில் கவிழ்த்து வைத்த படகுகளுக்கு அடியில் அது முட்டையிடும். குஞ்சு பொரிக்கிறவரை அந்த ஊர்க்காரர்கள் படகைத் தொட மாட்டார்கள். நான் நீல வால் வைத்து, ஆரஞ்சுக் கால் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாக வந்தது.

பொறியில் எலி விழுந்தது. அவன் புத்தகத்தில் அதே பறவை, அதே படகு. முதலாளி நேரில் போய் விஷயத்தைச் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் கடையைக் கட்டினான். அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தோம்.

அடுத்த பதிப்பில் பறவையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அந்தப் பறவைக்காகத்தான் புத்தகமே விக்குது, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் முதலாளி. அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். அவர் சொல்லவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு உண்மையாக எழுதிய பக்கங்களுக்குக் கிடைக்காத பாராட்டு, அந்தப் புளுகுக்குக் கிடைத்தது. யாருக்குத்தான் கசக்கும்?

அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் புத்தக விழா என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே பஸ்ஸில் வந்தார். விற்பதற்குப் புத்தகக் கட்டோடு நானும் போனேன். மேடையில் வினாடி வினா நடந்தது. கேள்விகள் எல்லாம் எங்கள் புத்தகங்களிலிருந்து.

"ஏரி நாட்டுல படகுக்கு அடியில முட்டையிடற பறவையைப் பத்திச் சொல்லு," என்று ஒரு சிறுமியிடம் டீச்சர் கேட்டார். அவள் அந்த நாட்டிலிருந்தே அம்மாவோடு வந்தவளாம். சுலபமான கேள்வியாக இருக்கட்டும் என்றுதான் அவளிடம் கேட்டிருக்கிறார்.

"அப்படி ஒரு பறவை இல்ல டீச்சர்," என்றாள் அவள். "எங்க வீடு அந்த ஏரிக்கரையிலதான் இருந்துச்சு. எங்கப்பா படகு ஓட்டுவார். மழைக்காலத்துல கவுத்துதான் வெப்போம். முட்டை எதுவும் இருந்ததில்ல."

கூட்டம் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. "சொந்த ஊரையே மறந்துட்டியாம்மா? எழுதினவங்களே இங்க உட்கார்ந்திருக்காங்க, கேட்டுடுவோம். சொல்லுங்க மேடம்."

அக்கா எழுந்தார். அவர் முகம் வெளுத்ததைப் பஸ் பயணத்தின் மிச்சம் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த வாக்கியத்தில் பொய் இல்லை.

கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போனது, அவன் கடகடவென்று ஒப்பித்தான், கைதட்டினார்கள். விழா முடிந்து கையெழுத்து வாங்க வந்த வரிசையில் அந்தச் சிறுமியும் நின்றாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தேன்ல, அதான் சரியா பாக்கல போல," என்றாள் அக்காவிடம். "அப்பாவைக் கேக்கலாம்னா அவர் இல்ல. ஏரியிலயே போயிட்டார். அம்மாகிட்ட கேட்டா அழுவாங்க."

அக்கா கையெழுத்துப் போட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நானும் அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவின் நெஞ்சு அவரைச் சாப்பிட விடவில்லை. எழுதிய பக்கத்தையே திரும்பத் திரும்ப எழுதினார். "நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்," என்பார். மறுநாள், "முதலாளி என்ன சொல்வாரோ," என்பார். இன்னொரு நாள், "என் புத்தகத்தை இனி எவன் நம்புவான்?" என்பார். தங்கை கேட்டதற்கு வயிற்றுவலி என்று சொல்லி, அதற்கு மருந்தும் வாங்கிக் குடித்தார்.

"அவ எங்கிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி நின்னாடா," என்றார் ஒரு நாள். "நான் ஏரியைப் பாத்ததில்ல, அவ அதுல வளந்தவ. ஆனா அவளே அவளை நம்பல. என்னை நம்பினா."

"போவோம்க்கா," என்றேன். எனக்கும் தூக்கம் போய்விட்டிருந்தது. அந்த வால் என் கை வரைந்தது.

முதலில் முதலாளியிடம் போனார். "பறவையை எடுக்கலைன்னா என் பேரை எடுத்துடுங்க," என்றார். இவ்வளவு காலத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பறவையை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் அது பொய் என்று சொல்வதாக அக்கா டீச்சரிடம் பேசினார். ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றார்.

பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். பள்ளிக்கூடக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வகுப்பறைக்குள் போனபோது அவள் ஓடி வந்தாள். அக்காவைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள்.

மழை பெய்யும் ஏரிக்கரை. ஒரு ஆள் கவிழ்த்த படகின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குனிந்து உள்ளே பார்க்கிறாள். உள்ளே முட்டைகள், நீல வால், ஆரஞ்சுக் கால்.

"எனக்கு ஞாபகம் வந்துடுச்சு மேடம்," என்றாள். "நெறைய யோசிச்சேன். ஒரு நாள் மழையில அப்பா படகைத் தூக்கிக் காட்டினார். நான்தான் மறந்துட்டேன். இப்ப எல்லாம் ஞாபகம் இருக்கு. அவர் சட்டைகூட ஞாபகம் இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். விட்டுவிடலாம் என்று அவர் கண் கெஞ்சியது. என் மனசும் அதையேதான் சொன்னது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இன்னொரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறும் தெம்பு அவருக்கு இல்லை. சின்ன பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். திருடனைப் பிடிக்க வைத்த பொறி, காலியாக இருந்த மூலை, தானே உண்டாக்கிய பறவை. "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி. உங்க அப்பா படகுக்கு அடியில எதுவும் இல்ல. தப்பு என்னோடது. நான் அன்னிக்கே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கணும்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறவையின் மேல் ஒரு விரலை வைத்து அதை மறைத்தாள். விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அப்புறம் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு அப்பா படகைத் தூக்கி எதைக் காட்டினார்?"

அக்கா அவள் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.