மாஸ்டர் பெயரில் விழுந்த பச்சை டிக்

ஆரணிக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், நான் வேலை பார்த்த பட்டுக்கடை முதலாளி இணையத்தில் ஓடும் டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டார். அவரவர் வீட்டிலிருந்தே எல்லோரும் ஒரே டிசைனைத் திறக்கலாம். யார் வரையலாம், யார் திருத்தம் சொல்லி ஒப்புதல் தரலாம், யார் சும்மா பார்க்க மட்டும் செய்யலாம் என்று பிரித்துவிடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒப்புதல் உரிமை ஒருவருக்குத்தான். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும் வயதான டிசைனர். அவர் வீட்டிலிருந்து பச்சை டிக் போட்டால்தான் டிசைன் தறிக்குப் போகும். ஒரு நாள் காலையில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அவருடைய லாகினை அன்றே மூடியிருக்க வேண்டும். காரியம் முடிவதற்குள் ஒருத்தர் பெயரை அடிப்பதா என்று எனக்கு மனசு வரவில்லை. பதினாறு நாள் கழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, மாஸ்டர் பெயரில் ஒரு குறிப்பு விழுந்தது. "அன்னத்துக்குக் கால் ஒரு கட்டம் குட்டை." திரையில் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன். குட்டைதான். வரைந்தவர் திருத்தியதும் பச்சை டிக்கும் விழுந்தது. நான் அவர் பாடைக்குப் பின்னால் சுடுகாடு வரை நடந்தவன். மறுநாளும் அதே பதினோரு மணி, அதே பெயர்.

ஏழாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குக் கண்ணு மங்கி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. அப்பலேர்ந்து நான்தான் பாத்துகினு இருக்கேன். வெளிய சொன்னா வேல பூடும்னு சொல்லல. இத வெச்சிதான் வீடு ஓடுது, மூடிடாதீங்க."

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு வருஷமாக ஒரு புடவைகூடத் தப்பாக வரவில்லை என்றும் சொன்னேன்.

"தாலியறுத்தவ பாஸ் பண்ண டிசைன்னு தெரிஞ்சா, முகூர்த்தப் புடவைய எவன்யா வாங்குவான்? மூடு ஜல்தி."

"பாக்கறதுக்காவது விடுங்க" என்று கெஞ்சினேன்.

"பாத்துகினு இருக்கட்டும். டிக்கு கிக்கு, ஃபோன் கீன் ஒண்ணும் கூடாது."

அந்த அம்மா பெயரில் புது லாகின் போட்டு, பார்வையாளர் ஆக்கினேன். ஒப்புதல் உரிமை முதலாளி மகனுக்குப் போனது. ஃபோன் செய்யக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொன்னதும் நான்தான். என்னமோ பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

தினமும் பதினோரு மணிக்கு வருகைப் பதிவில் அந்தப் பெயர் வரும். ஒவ்வொரு டிசைனாகத் திறக்கும், மூடும். ஒரு வார்த்தை இருக்காது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும், திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும். செத்தவர் டிக் போட்டபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

ஒரு நாள் ஒரே டிசைனை அந்த அம்மா ஒன்பது முறை திறந்திருந்தார். நெட் அறுந்து அறுந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதோடு பதிவைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். முதலாளி மகன் அதற்கு முன்னமே டிக் போட்டிருந்தான்.

அந்த டிசைனில் நெய்து வந்த புடவையைக் கடையில் விரித்தோம். பார்டர் முழுக்க அன்னங்கள். ஒன்றுக்கும் கண் இல்லை.

ஓடிப்போய்ப் பதிவைப் பார்த்தேன். அந்த ஒன்பதுதான் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரவே இல்லை.