லேப்டாப்பின் குரல் போன இடம்

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளி அறிக்கைகளைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்வது அவள் வேலை. இயர்போன் மாட்டினால் காது புண்ணாகிவிடும். அதனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் ஸ்பீக்கரில்தான் கேட்பாள். யாரையும் லேசில் நம்ப மாட்டாள். பூட்டிய பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம்.

ஒரு நாள் காலையில் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. முந்தின நாள்தான் கொழுந்தன் அதில் ஓசிப் படம் ஒன்றை இறக்கியிருந்தான். திரையில் விளம்பரங்கள் வேறு தாமாக முளைத்துக்கொண்டிருந்தன.

"என்னத்த இறக்கித் தொலைச்ச?"

"படம் மட்டும்தான் அண்ணி. சத்தியமா."

சத்தியம் செய்ததாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

வைரஸ் ஸ்கேன் ஓட்டினாள். வேண்டாத புரோகிராம் ஒன்று சிக்கியது, நீக்கினாள். விளம்பரங்கள் நின்றன, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டாள். ம்ஹூம். சில நேரம் சத்தம் தானாக வந்தது, தானாகவே போனது. எவனோ உள்ளே உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களை ஒட்டுக்கேட்கிறான் என்று முடிவு கட்டினாள். கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினாள். கொழுந்தனிடம் பேச்சை நிறுத்தினாள்.

ரிப்பேர் கடையில் ஆன் செய்ததும் கணீரென்று பாடியது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தால் மறுபடி ஊமை. அப்படியானால் கோளாறு வீட்டுக்குள்தான். ஒவ்வொருவர் முகத்தையும் அளந்து பார்க்க ஆரம்பித்தாள்.

மாமனாரும் அப்படித்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக வாங்கிய காது மெஷினைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கணவனிடம் கேட்டே விட்டார்.

"எனக்கு நுரையீரல்ல கட்டி இருக்கு. ஏன்டா எங்கிட்ட மறைக்கிறீங்க?"

"யாருப்பா சொன்னா?"

"டாக்டர்தான். காதுக்குள்ளயே வந்து சொல்றார். ஆபரேஷன் பண்ண முடியாதாம்." சற்றுத் தயங்கினார். "நேத்து கர்ப்பப்பையில வீக்கம்னார். அதுதான் எனக்குக் குழப்பமா இருக்கு."

அவள் சாப்பாட்டை விட்டு எழுந்தாள். நுரையீரல், கர்ப்பப்பை இரண்டும் அவளுக்கு வந்த பதிவுகளின் தலைப்பில் இருந்தவை. லேப்டாப்பில் புளூடூத்தைத் திறந்து பார்த்தாள். மாமனாரின் காது மெஷின் அதில் இணைந்திருந்தது.

கணவன் தலையைச் சொறிந்தான். "அப்பா நியூஸ் கேக்கட்டுமேன்னு மெஷின் வாங்கின அன்னைக்கு நான்தான் கனெக்ட் பண்ணேன். மறந்தே போச்சு."

இணைப்பைத் துண்டித்து, பதிவை ஓட விட்டாள். ஸ்பீக்கரில் டாக்டர் பேசினார்.

"இந்த ஆளேதான்," என்றார் மாமனார். "அப்ப அந்தக் கட்டி யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"யாரோ ஒருத்தருக்கு, மாமா. சொல்லக் கூடாது."

"பாவம்," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கொழுந்தனிடம் அவளே போய்ப் பேசினாள். லேப்டாப் பாஸ்வேர்டை மட்டும் அன்றே மாற்றிவிட்டாள்.