மூச்சு இன்ஸ்பெக்டர்

தூக்கத்தால் செத்த மனிதன் என்று பூமியில் ஒருவன்கூடக் கிடையாது. பசியால் செத்திருக்கிறார்கள், குடியால் செத்திருக்கிறார்கள், கல்யாணத்தால்கூடச் செத்திருக்கிறார்கள். தூக்கத்தால் மட்டும் இல்லை. இந்த உண்மையைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தவன் நைனார்பாளையம் பச்சமுத்து. வயது முப்பத்தாறு. தொழில், டிராக்டரில் கரும்பு ஏற்றி ஆலைக்கு ஓட்டுவது. ஆராய்ச்சிக்கூடம், ஆலை வாசலில் இருக்கும் இருசம்மாளின் டீக்கடை.

கண்டுபிடிப்பு வெளியாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு தை மாத ராத்திரியில், அவன் சாகப் பார்த்தான். தூக்கத்தால்தான்.

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. பச்சமுத்துவின் போனில் இரண்டு மணி ஆறு நிமிடப் பதிவாக இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றால் யாரும் கேட்கலாம். கேட்டவர்களில் ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் அதன் யார்டில் வரிசை கட்டி நிற்கும். எடை மேடையை எட்ட ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். டிரைவர்கள் அவரவர் டிரெய்லருக்கு அடியிலேயே கரும்பின் காய்ந்த இலையான சோகையைப் பரப்பிக்கொண்டு தூங்குவார்கள். வரிசை நகர்ந்தால், பின்வண்டிக்காரன் ஒரு கரும்பை உருவி முன்வண்டியின் இரும்பில் மூன்று முறை தட்டி எழுப்ப வேண்டும். டக்... டக்... டக். யார்டின் எழுதாத சட்டம் அது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தவர் வேடியப்பன். கல்வராயன் அடிவாரத்துக்காரர். நீல டிரெய்லர். வரிசை நகராவிட்டாலும் அவர் தட்டுவார். யாருடைய குறட்டையாவது திடீரென்று நின்றுபோனால், எழுந்து போய் அவன் வண்டியில் தட்டிவிட்டு வருவார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அப்படித் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பச்சமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை.

"தூக்கத்தால எவனாவது செத்திருக்கானா? குறட்ட உட்டா எழுப்புவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நின்னா எழுப்புற ஒரே ஆளு இவருதாம்பா. மூச்சு இன்ஸ்பெக்டரு!" என்றான் டீக்கடையில், நிறைய பேர் இருக்கும் நேரமாகப் பார்த்து.

பேர் ஒட்டிக்கொண்டது. யார்டே சிரித்தது. அந்த நாலைந்து பேரும் தட்டுவதை விட்டுவிட்டார்கள். வேடியப்பன் மட்டும் விடவில்லை.

மறு வருடம் பச்சமுத்து கர்நாடகா பக்கம் கரும்பு வெட்டும் எந்திரம் ஓட்டப் போய்விட்டான். அதற்கடுத்த தையில்தான் திரும்பி வந்தான். வந்தவனைப் பொங்கல் பிடித்துக்கொண்டது. வெட்டு ஆட்கள் ஊருக்குப் போய் மூன்று நாள் தாமதமாக வந்தார்கள். கரும்பு காய ஆரம்பித்தது. கரும்புக்கும் டிராக்டருக்கும் சொந்தக்காரர் ஆதிமூலம். அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்தார். "நாளைக்கி எட போட்டாவணும். இல்லாட்டி சாவிய மாட்டிட்டுப் போயிக்கினே இரு."

இரண்டு ராத்திரி கண் மூடாமல் வெட்ட வைத்து, ஏற்ற வைத்து, பச்சமுத்து கிளம்பியபோது மனைவி கண்ணகி அவன் போனைப் பிடுங்கி ரெக்கார்டரைத் திறந்து காட்டினாள்.

"படுக்கும்போது இத்த அமுக்கிட்டுப் படுங்க. கள்ளக்குறிச்சி டாக்டரம்மா கேட்டாங்க. தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குது. வேல ஜாஸ்தியான அன்னிக்கி இன்னும் நீளமா நிக்குது. நான் எண்ணிக்கினே குந்தியிருக்கேன்."

"இன்ஸ்பெக்டரு வூட்டுக்கே வந்துட்டாரா?"

"சிரிங்க. ரெக்கார்டு இல்லாம வந்தா, புள்ளயத் தூக்கிக்கினு திருக்கோவிலூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. பச்சமுத்து போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

இரவு 11.20. யார்டுக்குள் நுழைந்தான். கிடைத்தது 211ஆம் எண், ரோஸ் நிற டோக்கன். வரிசையின் கடைசி வண்டி அவனுடையது. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கியது. எல்லா வண்டிக் கரும்பும் பனியில் நனைந்து மினுமினுத்தது.

12.40. திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு நீல டிரெய்லர் நின்றது.

எஞ்சின் சத்தம் கேட்கவில்லையே என்று நினைத்தான். இரண்டு நாளாக எஞ்சின் மேலேயே உட்கார்ந்த காது, எது கேட்கும்?

"இன்னா இன்ஸ்பெக்டரே, இன்னும் டூட்டியிலதான் இருக்கீங்களா?"

"இருக்கேம்பா."

வேடியப்பன் கையில் டோக்கன் இருந்தது. மஞ்சள். பச்சமுத்து தன்னுடையதைப் பார்த்தான். ரோஸ். தூக்கக் கலக்கம், நிறம் தெரியவில்லை என்று கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"நம்பள எழுப்பிடாதீங்க. ரெண்டு நாளா தூங்கல."

"அதாம்பா சொல்றேன். மல்லாக்கப் படுக்காத."

"படுத்தா இன்னா?"

வேடியப்பன் தன் வண்டிப் பக்கம் திரும்பினார். காற்றடித்தது. அவர் வண்டிக் கரும்பு சலசலவென்றது. காய்ந்த சோகையின் சத்தம். அதில் மட்டும் ஒரு சொட்டுப் பனி இல்லை.

1.05. ஆதிமூலத்துக்குப் பயந்து போனை ஏரோபிளேன் மோடில் போட்டான். ரெக்கார்டரை அமுக்கினான். தலைமாட்டில் வைத்தான். மல்லாக்கப் படுத்தான்.

டக்... டக்... டக்.

விருட்டென்று விழித்தான். வாய் உலர்ந்திருந்தது. நெஞ்சு ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி அடித்தது. மணி 1.31. முன்வண்டி அப்படியே நின்றது. வரிசை நகரவில்லை.

"யோவ்... சும்மா இருங்க."

தூங்கிப்போனான்.

டக்... டக்... டக்.

2.04. வரிசை நகரவில்லை. டிரெய்லரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. தரையெல்லாம் ஈரம். பாதத்தில் புழுதி, உலர்ந்த புழுதி.

திட்ட வாயெடுத்தான். வாய் வருமுன் தூக்கம் வந்துவிட்டது.

டக்... டக்... டக்.

2.38. பாதங்கள் முன்சக்கரத்துக்கு வந்திருந்தன.

டக்... டக்... டக்.

2.57. தலைமாட்டில்.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தான். உடம்பு கேட்கவில்லை. இரண்டு ராத்திரிக் களைப்பு அவனை ஆளோடு கீழே இழுத்தது.

பிறகு...

நெஞ்சின் மேல் ஏதோ கனத்தது.

மூச்சை இழுத்தான். வரவில்லை.

கை அசையவில்லை. கால் அசையவில்லை.

கண் மட்டும் திறந்திருந்தது. பாதங்களைக் காணோம்.

முகம் தெரிந்தது.

ஒரு சாண் தூரத்தில்... குனிந்து... அவன் வாயருகே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டவில்லை.

பளார்!

கன்னம் எரிய எழுந்தான். தலை அச்சில் இடித்தது. "ஹா..." என்று மூச்சு உள்ளே பாய்ந்தது. கை பட்டு ரெக்கார்டர் நின்றது, போன் சோகைக்குள் உருண்டது. மணி 3.11.

வெளியே உருண்டு வந்து பின்னால் பார்த்தான்.

ஒன்றும் இல்லை. வெறும் தரை. பனி படிந்த சோகை. அதில் சக்கரத் தடம் இல்லை.

விடிந்ததும் இருசம்மாளின் கடைக்குப் போனான். டீ கிளாஸை வாங்கிக்கொண்டான்.

"எனக்குப் பின்னாடி நின்ன நீல வண்டி எப்ப போச்சுக்கா?"

"உனக்குப் பின்னாடி எவன் வந்தான்? பதினொன்றரைக்கே யார்டு கேட்டப் பூட்டிட்டாங்களே."

"நம்ப வேடியப்பண்ணன் வண்டிக்கா."

இருசம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"ஒனக்குச் சேதி தெரியாதா? அவுரு போன மாசியிலயே செத்துப் பூட்டாரே. இதே யார்டுலதான். மூணு நாளு தூங்காம வந்து படுத்தாரு. அந்தாளு கொறட்டைக்கு அளவே இல்ல, திடீர்னு நின்னு போச்சாம். பின்வண்டிக்காரன் முழிச்சிக்கினுதான் இருந்தான். 'இன்ஸ்பெக்டரு தானா எழுந்துக்குவாரு'ன்னு சிரிச்சிக்கினே உக்காந்திருந்தானாம். வரிச நகந்தப்பதான் தட்டினான்." பச்சமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். "நீ வெச்ச பேருதானப்பா அது."

"போன வருசம் டோக்கன் இன்னா கலருக்கா?"

"மஞ்சா. வருசத்துக்கு ஒரு கலருதானே. ஏன்?"

அவன் டீயை வைத்துவிட்டு எழுந்தான். குடிக்கவில்லை.

ஐந்தாம் நாள், கள்ளக்குறிச்சியில், டாக்டரம்மா பதிவைப் போட்டுக் கேட்டார். பக்கத்தில் கண்ணகி. குறட்டை. நிற்கிறது. அமைதி... பதினெட்டு நொடி, இருபது நொடி. ஒரு திணறல், மறுபடி குறட்டை. முப்பதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் டக், டக், டக்.

"அமுக்குற பேய்ன்னு சொல்லிட்டு வராதீங்க. இது ஸ்லீப் ஆப்னியா," என்றார். "தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதைய மூடுது. உடனே மூளை உங்களை எழுப்பணும். ஆனா ரெண்டு நாள் முழிச்சு, கவலையும் சேர்ந்து களைச்சுப்போன மூளை, லேட்டாத்தான் எழுப்பும். டெஸ்ட் எழுதித் தரேன், தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் களைச்ச அன்னிக்குத் தனியாப் படுக்காதீங்க. யாருங்க இந்தத் தட்டுற ஆள்? நல்ல மனுஷன்."

"பின்வண்டிக்காரருங்க."

"அவுரு பேரு இன்னாங்க?" என்றாள் கண்ணகி. கண் கலங்கியிருந்தது. "ஒரு நாளு வூட்டுக்கு வரச் சொல்லுங்க. கறி ஆக்கிப் போடலாம்."

பச்சமுத்து சுவரைப் பார்த்தான்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடங்கள். குறட்டை நின்றது. இருபது நொடி. நாற்பது. தட்டு இல்லை. அறுபது. டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுபது...

போனுக்கு மிக அருகில், ஒரு குரல். மெதுவாக.

"எழுந்துருடா பச்சமுத்து. எனக்குத்தான் யாரும் தட்டல."

பளார்.

பதிவு அத்துடன் முடிந்தது.

மாசி மாதம். அதே யார்டு. மணி 2.20. முன்வண்டி ராசுவினுடையது. அவனும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. டிரெய்லருக்கு அடியிலிருந்து ரம்பம் அறுப்பது மாதிரி குறட்டை வந்துகொண்டிருந்தது.

நின்றது.

பச்சமுத்து எண்ணினான். பத்து... இருபது... முப்பது.

சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. ஒரு கரும்பை உருவினான். ராசுவின் டிரெய்லருக்கு இடது பக்கம் போனான்.

டக்... டக்... டக்.

அடியில் ஒரு திணறல். மூச்சு இழுத்து வாங்கும் சத்தம். பிறகு ராசுவின் கோபம்.

"யோவ், ஒரு பக்கம் தட்டுனா பத்தாதா? எதுக்குய்யா ரெண்டு பக்கமும் தட்டுறீங்க?"

பச்சமுத்து கரும்பை இறுகப் பிடித்துக்கொண்டான். வலது பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

"ஒருக்களிச்சிப் படு," என்றான்.

அடுத்த வண்டியை நோக்கி நடந்தான். இந்தப் பக்கம் அவன் காலடி.

அந்தப் பக்கம், காய்ந்த சோகை மிதிபடும் சத்தம்... கூடவே வந்தது.